செட்டிநாட்டில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வருகிறீர்களா? வீட்டைப் பார்ப்பதற்கு முன் பங்காளிகளைப் பாருங்கள்

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு பார்த்தோம், தூண் எல்லாம் பர்மா தேக்கு, எத்தனை ரூம் இருக்குன்னே தெரியல, சும்மா பூட்டிக் கிடக்கு, வேலையை விட்டுட்டு வந்து எடுத்து நடத்தலாமா?" நடத்தலாம். நானும் ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருக்கிறேன், சந்தோஷமாகவே இருக்கிறேன். ஆனால் அந்த "சும்மா பூட்டிக் கிடக்கு" என்பதை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே எந்த வீடும் சும்மா பூட்டிக் கிடப்பதில்லை. ஒவ்வோர் அறையின் சாவியும் யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவில், சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ பத்திரமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, இல்லை சில வருடங்களுக்கு ஒரு முறை, படைப்புக்கோ (முன்னோருக்குப் படையல் போடுகிற குடும்பச் சடங்கு) கல்யாணத்துக்கோ அத்தனை பேரும் வந்து அந்த வளவில், அதாவது நடு முற்றத்தில், உட்காருவார்கள். வீட்டை எடுப்பது என்றால் அந்த மனிதர்களோடு பல வருட உறவுக்குள் நுழைவது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொண்டு வந்தவர்கள் நிலைத்திருக்கிறார்கள், அதனால் இந்த வழிகாட்டியிலும் அதற்குத்தான் அதிக இடம்.

முதலில் ஒரு கோடையை இங்கே கழியுங்கள்

நீங்கள் பார்த்தது டிசம்பர் மாதத்துச் செட்டிநாடு. ஊருணியில் தண்ணீர் நிற்கும், காலையில் லேசாகக் குளிரும், பிள்ளையார்பட்டிக்குப் போகிற வழியெல்லாம் பச்சையாக இருக்கும். சித்திரை வைகாசியில் வந்து பாருங்கள். வெயில் அப்படிக் காயும், மதியம் தெருவில் ஆள் இருக்காது, மாலை ஆறு மணி வரை ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். வேலையை விடுவதற்கு முன்பே, லீவு போட்டோ வீட்டிலிருந்து வேலை பார்க்கிற வசதியை வைத்தோ, ஏப்ரல் மே இரண்டு மாதமும் காரைக்குடியில் ஒரு சாதாரண வாடகை வீட்டில் குடும்பத்தோடு தங்குங்கள். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் ஆசை இருக்கிறது என்றால் அது இந்த இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எது, இரவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கே ஓடுவது, பெரிய வைத்தியத்துக்கு மதுரையா திருச்சியா (இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்) என்பதெல்லாம் தங்கிப் பார்த்தால்தான் பிடிபடும். சென்னைக்குப் போய் வர பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, விடியற்காலையில் ஏறினால் மதியம் எழும்பூர். அந்த ரயில் இருப்பதால்தான் பலருக்கு இந்த முடிவே சாத்தியமாகிறது.

எந்த ஊர் என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். செட்டிநாடு என்பது ஆதியில் 96 ஊர் என்று சொல்வார்கள், இப்போது 75 சொச்சம், சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி ஆய்வு நிறுவனம், கல்யாண மண்டபங்கள் என்று வருடம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், சுற்றுலாக்காரர்களை மட்டும் நம்ப வேண்டியதில்லை. கானாடுகாத்தான் பக்கம் போனால் பெரிய வீடுகள், வெளிநாட்டினர் வருகை, கூடவே பெரிய ஹோட்டல்களின் போட்டி. பள்ளத்தூர், கோனாபட்டு, கொத்தமங்கலம், தேவகோட்டை மாதிரி இடங்களில் குத்தகை கட்டுப்படியாகும், ஆனால் விருந்தினரை அங்கே வரவழைப்பது முழுக்க உங்கள் வேலை. பெருநகர வாழ்க்கையை இப்போதுதான் விடுகிறவர்களுக்கு நான் காரைக்குடியையோ, அதிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கிற ஊரையோதான் சொல்வேன்.

வீடும் பங்காளிகளும்

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அதன் சொத்துரிமை புரியும். முன்னால் திண்ணையும் முகப்பும், அதைத் தாண்டினால் வானம் தெரிகிற வளவு, வளவைச் சுற்றி அறைகள், அப்புறம் இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை, கடைசியில் பின் தெருவில் திறக்கும் வாசல். வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் ஒவ்வொன்றும் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கு என்று கொடுத்தது, அவன் குடும்பம் ஒரு தனிப் புள்ளி. மூன்று நான்கு தலைமுறை ஓடிய பிறகு இன்றைக்கு ஒரே வீட்டில் பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேலே பங்கு. அறை தனித்தனி, வளவும் முகப்பும் சாமி அறையும் எல்லோருக்கும் பொது.

அதனால் தரகர் ஒருவர், "இந்த அண்ணன்தான் வீட்டுக்காரர், இவர் சொன்னால் போதும்" என்று ஒரு பெரியவரைக் காட்டினால், அந்தப் பெரியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையெழுத்து அவர் பங்குக்குத்தான் செல்லும். மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா, பட்டா யார் யார் பெயரில் கூட்டாக இருக்கிறது, இறந்துபோனவர்களுக்கு வாரிசுச் சான்று எடுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். பெண் வாரிசுகளை விட்டுவிட்டுப் போடுகிற ஒப்பந்தங்கள் இன்னும் நடக்கின்றன. மகள்களுக்கும் சம பங்கு தந்த 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது பெரிய ஆபத்து, கல்யாணமாகிப் போன ஆச்சிகளின் கையெழுத்தும் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி பவர் அனுப்புவார்கள், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிச் சரிசெய்ய வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும், நோட்டரி கையெழுத்தோடு விட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓடு மாற்றி, குளியலறை கட்டி, நீங்கள் போடுகிற பணம் திரும்பவே பல வருடம் ஆகும், அதனால் 15 வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். முடிந்தால் வாங்கலாம், ஆனால் பல குடும்பங்கள் விற்க மாட்டார்கள், விற்காமல் இருப்பதில் எனக்கு மரியாதையும் உண்டு. விற்ற வீடுகளில் எத்தனையோ, தூணும் நிலையும் உத்தரமும் தனித்தனியாகக் கழற்றப்பட்டு லாரியில் ஏறிப் போனவை. குத்தகைக்கு எடுத்து, ஓடு சொட்டாமல் பார்த்து, விளக்கேற்றி வைக்க ஒருவர் வருகிறார் என்றால் பங்காளிகளில் பெரும்பாலோர் மனம் இறங்குவார்கள். நீங்கள் அதைச் செய்கிறவர்தான் என்பதை அவர்கள் நம்ப வேண்டும், அதற்கு நேரம் கொடுங்கள். ஒவ்வொருவரையும் அவரவர் ஊரில் போய் நேரில் பாருங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் முடிக்கிற காரியம் இல்லை இது. எங்கள் வீட்டுப் பங்காளிகளில் மூத்த ஆச்சி ஒருவர் குத்தகைத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முகப்புல எங்க ஐயா படம் மாட்டியிருக்கே, அது அங்கேயேதான இருக்கும்?" என்றுதான் கேட்டார். அங்கேயேதான் இருக்கிறது. சுவரில் தொங்குகிற ஐயாக்கள், ஆயாக்கள் படம் எதையும் இறக்கி ஓவியம் மாட்டாதீர்கள். விருந்தினர்கள் முதலில் நின்று பார்ப்பதும் அந்தப் படங்களைத்தான்.

ஒப்பந்தத்தில் வாடகையைவிட முக்கியமான சில வரிகள் உண்டு. படைப்பு எந்த மாதம் வரும், எத்தனை நாள் வீடு முழுவதும் குடும்பத்துக்கு வேண்டும் என்பது. குடும்பத்தில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரியான விழா) வந்தால் எவ்வளவு முன்னதாகச் சொல்வார்கள் என்பது. ஆறு மாதம் என்று எழுதுங்கள், ஏனென்றால் வெளிநாட்டு ஏஜென்ஸிகள் பல மாதம் முன்பே முன்பதிவு செய்வார்கள். சாமி அறைச் சாவி யாரிடம், விளக்கு ஏற்றுவது யார். அசைவம் எந்த அடுப்படியில் சமைக்கலாம், பிரதான வீட்டுக்குள் பரிமாறலாமா கூடாதா. மது விஷயத்தில் குடும்பத்தின் நிலை என்ன. சினிமா ஷூட்டிங் கேட்டு வருவார்கள், நல்ல பணம் கொடுப்பார்கள், சுவரில் ஆணி அடித்துவிட்டும் போவார்கள், அதற்கு அனுமதி தருவது யார். பூட்டிய அறைகளில் இருக்கிற சீர் சாமான்கள், எனாமல் பாத்திரங்கள், மரப் பெட்டிகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடு, உத்தரம் மாதிரி பெரிய செலவு வந்தால் யார் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

படைப்பு நாட்களில் வருமானம் போகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். அவர்கள் வரும்போது நீங்களே நின்று தண்ணீர், படுக்கை, சமையலுக்கு ஆள் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுங்கள். பின்னால் குத்தகையைப் புதுப்பிக்கிற பேச்சும், பக்கத்து வீட்டுக்காரரின் ஆதரவும், சிங்கப்பூரிலிருந்து பூர்வீக ஊர் பார்க்க வருகிற அவர்களின் சொந்தக்காரர்கள் உங்களிடம் தங்குவதும் அந்த இரண்டு மூன்று நாளில் முடிவாகிற விஷயங்கள்.

ஊருக்கும் இதே மரியாதை. அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் சில ஊர்களில் வெளியாட்கள் தங்குவது, ஊரைவிட்டு இரவு வெளியே தங்குவது பற்றியெல்லாம் கட்டுப்பாடு உண்டு. தேதியை ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே கேட்டு அந்த நாட்களுக்கு முன்பதிவை மூடி வையுங்கள். திருவிழாவுக்கு வரி கேட்டால் வீட்டுக்காரர் கொடுப்பார் என்று சொல்லாமல் நீங்களே கொடுங்கள்.

மராமத்து: ஓட்டிலிருந்து கீழே வாருங்கள்

கையில் இருக்கிற பணத்தில் முதல் ரூபாய் ஓட்டுக்கு. ஐப்பசி மழை வருவதற்கு முன் ஓட்டைப் பிரித்து, கரையான் அரித்த சட்டங்களை மாற்றி, திரும்ப வேய்ந்து முடித்திருக்க வேண்டும், ஆகவே மாசி பங்குனியில் வேலையைத் தொடங்கினால்தான் சரியாக வரும். நாட்டு ஓடு வேய ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நல்ல ஆள் கிடைத்துவிட்டால் வருடா வருடம் அவரையே கூப்பிடுங்கள், உடைந்த நாலு ஓட்டுக்குக்கூட.

சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். இதை நூறு முறை சொல்லத் தயாராக இருக்கிறேன். அந்தச் சுவர்கள் சுண்ணாம்பில் கட்டியவை, கிளிஞ்சல் சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்து மினுங்க வைத்தவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்டைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, சில வருடத்தில் பூச்சு பாளம் பாளமாக உரிந்து விழும், கூடவே பழைய பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கூலி அதிகம் கேட்பார், அவசரப்பட மாட்டார், இரண்டுமே நியாயம். வயரிங்குக்காகச் சுவரைக் கொத்துவதும் வேண்டாம், குழாயை வெளியே, உத்தரத்தின் ஓரமாகக் கொண்டுபோனால் கண்ணுக்கே தெரியாது.

குளியலறைதான் எல்லோரையும் சோதிக்கிற இடம். பழைய அறைகளில் ஒன்றிலும் கிடையாது, விருந்தினரோ அறையோடு சேர்ந்த குளியலறை இல்லாமல் வர மாட்டார். கட்டிட வேலைக்கு வருகிற பொறியாளர் மாடியில் போடலாம் என்பார். தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல் பாவிய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் தினமும் தண்ணீர் இறங்கினால் அந்த மரம் எத்தனை வருடம் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். தரைத்தளத்தில், இரண்டாம் கட்டிலோ, உள்ளறை வெளியறை என்று இரட்டையாக இருக்கிற அறைகளின் ஒரு பாதியிலோ, கொல்லைப் பக்கம் சுவரை ஒட்டிப் புதிதாகக் கட்டியோ போடுங்கள். நாளைக்கு எடுத்துவிட்டால் பழைய வீடு பழையபடி இருக்க வேண்டும், அதுதான் அளவுகோல். பத்து அறை போட இடம் இருந்தாலும் நான்கோடு ஆரம்பிப்பது நல்லது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் படவே கூடாது. அது சூளையில் சுட்ட ஓடு கிடையாது, கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் நடக்க நடக்க மினுங்கும். உடைந்த கல்லுக்கு ஆத்தங்குடிக்குப் போய் அதே டிசைனைக் காட்டினால் செய்து தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாழ்ப்பாள், கொண்டி, பழைய கண்ணாடி மாதிரி விட்டுப்போனவற்றைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேடலாம். ஆனால் வேறொரு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்த தூணை அழகுக்காக வாங்கி உங்கள் வீட்டில் நிறுத்தாதீர்கள். அப்படி வாங்க ஆள் இருப்பதால்தான் அடுத்த வீடும் பிரிக்கப்படுகிறது.

அரசாங்கக் காகிதங்கள்

இதற்கு நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலேயே குடும்பத்தோடு வசித்துக்கொண்டு நடத்துவதாக இருந்தால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் அங்கீகாரம் வாங்கலாம், அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. அதற்கு மேல் என்றால் லாட்ஜ் மாதிரி உரிமங்கள். உள்ளாட்சியில் தொழில் உரிமம், சாப்பாடு கொடுப்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) பதிவு, மின்வாரியத்தில் இணைப்பு எந்தப் பிரிவு என்று எழுத்தில் தெளிவு. வணிக இணைப்பானால் வீடுகளுக்கான 100 யூனிட் இலவசம் கிடையாது, யூனிட் விலையும் கூட, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான், முன்பு 12 ஆக இருந்தது. வெளிநாட்டவர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், எல்லோரும் ஃபார்ம் சி என்று சொல்வது இதைத்தான். இதில் மட்டும் ஒரு நாள்கூடச் சோம்பல் கூடாது. உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போய் நீங்களே அறிமுகப்படுத்திக்கொள்வதும் நல்லது.

அடுப்படி

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால் மீதிப் பாதி சாப்பிட வருகிறார்கள். அவர்களுக்குப் பன்னீர் பட்டர் மசாலா போடாதீர்கள். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், இல்லாவிட்டால் இடியாப்பம், கூடவே ஒரு நாள் கவுனி அரிசி. மதியம் இலை போட்டு இரண்டு கூட்டு, ஒரு மண்டி, குழம்பு, ரசம். மாலையில் மசாலாச் சீயமோ கந்தரப்பமோ. வெளிநாட்டவருக்காகக் காரத்தைக் குறைக்கலாம், கல்பாசியையும் அன்னாசிப்பூவையும் குறைக்க வேண்டாம், மணம் போய்விட்டால் எந்த ஊர்ச் சாப்பாடு என்றே தெரியாது. உணவகங்களில் செட்டிநாடு என்ற பெயரில் மிளகாயை அள்ளிப் போட்டுத் தருவதைச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள், இங்கே வீட்டுச் சமையல் இவ்வளவு மிதமாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படுவார்கள்.

சமையலுக்கு ஆள் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி. இந்தப் பக்கத்துச் சமையல்காரர்களுக்குக் கல்யாண வேலை உண்டு, ஒரு முகூர்த்தத்துக்குப் போனால் கிடைப்பது உங்கள் சம்பளத்தில் பல நாள் கூலி. போகாதே என்று சொல்ல உங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் தமிழ் மாதக் கணக்கு நமக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. ஐரோப்பியர்கள் கோடை விடுமுறைக்கு வருகிற ஜூலை ஆகஸ்டில் பாதி ஆடி, கல்யாணம் கிடையாது. அதைவிடக் கூட்டமாக வருகிற டிசம்பர் ஜனவரியில் மார்கழி, அப்போதும் கிடையாது. தை பிறந்ததும்தான் நெருக்கடி, சீசனும் ஓடிக்கொண்டிருக்கும், முகூர்த்தமும் வரிசையாக வரும். அதற்கு ஒரே வழி, உள்ளூர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேரை ஆரம்பத்திலிருந்தே பெரிய சமையல்காரரோடு நிற்க வைத்துப் பழக்குவது. பணியாரம் ஊற்றவும் தேன்குழல் பிழியவும் அவர்களுக்குப் புதிதாக யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, பத்து பேருக்கு, சொன்ன நேரத்துக்கு எடுத்துவைப்பதைத்தான் பழக வேண்டும். முகூர்த்தத்தன்று அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்குச் சம்பளத்தை மாதாமாதம், சீசன் இல்லாத மாதத்திலும், குறைக்காமல் கொடுங்கள். மே மாதம் நிறுத்திவிட்டு நவம்பரில் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

இரண்டாவது இரவு

தஞ்சாவூர் பார்த்துவிட்டு மதுரை போகிற வழியில் ஒரு இரவு, வெளிநாட்டுக் குழுக்களின் வழக்கமான கணக்கு அவ்வளவுதான். உங்கள் பிழைப்பு அவர்களை இரண்டாவது இரவும் தங்க வைப்பதில் இருக்கிறது. அதற்கு முன்பதிவு செய்யும்போதே ஒரு முழு நாள் திட்டம் அனுப்புங்கள். காலையில் ஆத்தங்குடியில் கல் செய்கிற பட்டறை, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி அடுப்படியில் கூட நின்று சமையல், மதியம் தூக்கம், நான்கு மணிக்கு மேல் திருமயம் கோட்டை. அடுத்த நாள் கண்டாங்கிச் சேலைத் தறி, 2019ல் புவிசார் குறியீடு வாங்கியது, அப்புறம் பனை ஓலைக் கொட்டான் பின்னுகிறவர்கள் வீடு. இன்னொரு நாள் இருக்கிறது என்றால் சித்தன்னவாசல். பொங்கல் சமயத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்க்க ஆசைப்படுவார்கள், கூட்டத்துக்கு வெளியே பாதுகாப்பான இடம் உறுதி என்றால் மட்டும் அழைத்துப் போங்கள். செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுப்புகள் என்று 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தப் பகுதி இருக்கிறது, ஏஜென்ஸிகளுக்கு எழுதும்போது அதைக் குறிப்பிடுவது பயன்படும்.

தெருவில் நடக்கும்போது பூட்டாத வீடு எதற்குள்ளும் விருந்தினரைக் கேட்காமல் அழைத்துப் போகாதீர்கள். உள்ளே ஒரு வயதான ஆச்சி தனியாக இருப்பார், கேமராவோடு ஆறு பேர் நுழைந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிற வீடுகள் ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் இருக்கின்றன, அங்கே போகலாம்.

பணக் கணக்கு

நான்கு அறை, இரவுக்கு 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,460 அறை இரவுகள். அதில் 30 சதவீதம் நிரம்பினால் 438, வரவு 15,33,000. கேட்க நன்றாக இருக்கிறதா? பாதி முன்பதிவு இணையதளங்கள் வழியாக வந்தால் அவர்கள் 15 முதல் 20 சதவீதம் எடுப்பார்கள், 18 என்று போட்டாலும் 1,38,000 போய்விடும். நான்கு பேருக்குச் சராசரி 15,000 சம்பளம் என்றால் 7,20,000. மீதி 6,75,000ல் குத்தகை, கரண்ட், சாப்பாட்டுச் சாமான், துணி வெளுப்பு, ஓடு, கரையான் மருந்து எல்லாம். குடும்பத்துக்கு மிஞ்சுவது உங்கள் சென்னைச் சம்பளத்தில் இரண்டு மூன்று மாதத் தொகை இருந்தால் நல்ல வருடம். முதல் இரண்டு வருடம் 30 சதவீதமே வராது. ஆகவே இரண்டு வருடக் குடும்பச் செலவைத் தனியாக, மராமத்துப் பணத்தோடு கலக்காமல் வங்கியில் வைத்துவிட்டு வாருங்கள். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு முத்ரா கடன் உண்டு என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள், மெத்தை, ஏசி, சோலார் வாங்க அதைப் பயன்படுத்தலாம், ஓட்டுக்கு மட்டும் சொந்தப் பணம் இருப்பது நல்லது.

இந்தத் தொகையைப் பார்த்த பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், உண்மையிலேயே உங்களைப் போன்றவர்கள் இந்த ஊர்களுக்குத் தேவை. ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் இரண்டு காரியம். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதுப் பாலிசியில் 3 வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம், எனவே சொந்தப் பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், பெற்றோருக்கும் சேர்த்து. அப்புறம், சம்பளச் சீட்டைக் காட்டி வாங்க வேண்டிய கடன் எதுவாக இருந்தாலும் அதையும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், வேலையை விட்ட பிறகு வங்கிக்காரர் கேட்கிற கேள்விகளே வேறு. குத்தகைப் பதிவும் முடிந்து, ஓடு பிரிக்கிற ஆளுக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகு நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

எப்போது திறப்பது என்றால், ஐரோப்பியர்கள் வருகிற ஆடியைப் பிடிப்பதுதான் வசதி, ஆனால் ஆடியில் பால் காய்ச்ச இங்கே யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனியில் ஒரு நல்ல நாள் பாருங்கள். பங்காளிகள் எல்லோருக்கும் முறையாகப் பத்திரிகை வைத்து, மூத்த ஆச்சியை அடுப்பு மூட்டச் சொல்லி, தெருக்காரர்களுக்கும் வேலை செய்த கொத்தனார், ஆசாரி எல்லோருக்கும் வளவிலேயே பந்தி போடுங்கள். அன்றைக்கு நாற்பது ஐம்பது பேருக்கு உங்கள் அடுப்படி தாக்குப்பிடிக்கிறதா, பைப்பில் தண்ணீர் நிற்காமல் வருகிறதா, மழை பெய்தால் வளவுத் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா என்பது எல்லாம் தெரிந்துவிடும். சரிசெய்ய இரண்டு வாரம் வைத்துக்கொண்டு, ஆடி பிறந்ததும் இரண்டே அறைகளுக்கு மட்டும் முன்பதிவைத் திறவுங்கள். மற்ற இரண்டும் கார்த்திகைக்கு மேல்.